வேண்டிக் கிடைத்த மாறுதல்

எங்கள் ஊர்ப் பக்கத்துக் குத்தாலத்துக்கே எனக்கு மாறுதல் வந்துவிட்டது என்று தஞ்சாவூர் அலுவலகம் முழுக்கத் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. டீ குடித்துவிட்டு மேலே வருகிறேன், பக்கத்து மேசைக்காரர் ஸ்வீட் எங்கே என்கிறார். என்னோடு பேச்சுவார்த்தை இல்லாத சீனியர் ஒருவர்கூட எழுந்து வந்து வாழ்த்து சொல்கிறார். வேளாண்மைத் துறையில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமாகி, பெண் பிறந்து, அந்தப் பெண் வானதி கோவையில் கல்லூரிக்குப் போகிற வரைக்கும் நான் கேட்டுக்கொண்டே இருந்த மாறுதல். இனி ஓட்டம் இல்லை, ரயில் இல்லை. வீட்டிலிருந்து கிளம்பினால் ஒரு பாட்டு கேட்டு முடிப்பதற்குள் அலுவலகம். நியாயமாக நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் வயிற்றில் என்னவோ கனமாக உட்கார்ந்தது. காலையில் தின்ற பூரி என்று நினைத்துக்கொண்டேன்.

பூரி இல்லை என்பது சாயங்கால ரயிலில் ஏறிய பிறகு தெரிந்தது.

அந்த ரயிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காலையில் மயிலாடுதுறையில் கிளம்பி, ஏழு மணி வாக்கில் குத்தாலம் வந்து, தஞ்சாவூர் போகிற பாசஞ்சர். அதில் எஞ்சினிலிருந்து மூன்றாவது பெட்டி, கழிப்பறைக்குத் தள்ளி இருக்கிற ஜன்னல் பக்கம் எங்களுடையது. யாரும் பட்டா எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் புதிதாக யாராவது வந்து உட்கார்ந்தால், செம்மொழி பார்க்கிற பார்வையில் தானாக எழுந்து போய்விடுவார்கள். செம்மொழி மயிலாடுதுறையிலேயே ஏறி, இந்தப் பக்கம் கைப்பை, அந்தப் பக்கம் துப்பட்டா, நடுவில் தான் என்று மூன்று இடம் பிடித்து வைப்பாள். தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் செவிலியர், எப்போதும் பகல் டியூட்டி. ஆடுதுறையில் ஜன்னத் பீவி ஏறுவாள். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. அவள் பேசிக்கொண்டேதான் ஏறுவாள், இறங்கும்போதும் பேச்சு முடிந்திருக்காது.

கும்பகோணம் தாண்டியதும் டப்பாக்கள் திறக்கும். என் இட்லி, ஜன்னத்தின் இடியாப்பம், செம்மொழி வீட்டு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. முதல் நாள் வைத்த குழம்பு, காலையில் சுண்டி இறுகி இருக்கும். அதற்கு ஈடு சொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை. செம்மொழியின் அப்பா இராஜாங்கம் எங்கள் பக்கத்து ஊர்ப் பண்ணையில் ஆளாக இருந்தவர். இப்போது சொந்தமாகப் பயிர் வைக்கிறார். அவர் வீட்டுக் குழம்பை நான் வழித்து வழித்துச் சாப்பிடுகிறேன் என்று எங்கள் தெருவில் சொன்னால் சில முகங்கள் கோணிப்போகும். கோணட்டும். இப்போது மட்டும் அவை நேராகவா இருக்கின்றன?

சாயங்காலம் காய்கறி. தஞ்சாவூரில் வாங்கியதை மடியில் பேப்பர் விரித்து ரயிலிலேயே ஆய்ந்து நறுக்கிவிடுவோம். வீட்டுக்குப் போனால் நேரே அடுப்பில் போட வேண்டியதுதான். யார் வீட்டுக் கீரை யார் மடியில் இருக்கிறது என்றெல்லாம் பார்ப்பதில்லை. பாபநாசம் வருவதற்குள் அவரவர் மேலதிகாரியைத் திட்டி முடிப்போம். கும்பகோணம் வருவதற்குள் உறவுக்காரர்களைத் திட்டி முடிப்போம். அதற்கப்புறம் சிரிப்புதான். எதற்குச் சிரித்தோம் என்று இறங்கின பிறகு யோசித்தால் ஒன்றுமே இருக்காது.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், இந்த மாறுதலுக்காக நாங்கள் மூன்று பேரும் சேர்ந்துதான் வேண்டிக்கொண்டோம். நான் தினமும் ரயிலைத் திட்டுவேன். கூட்டத்தைத் திட்டுவேன், தாமதத்தைத் திட்டுவேன், குத்தாலத்தில் வேலை பார்க்கிறவர்களையெல்லாம் திட்டுவேன். கேட்டுக் கேட்டு இவர்கள் இரண்டு பேருக்கும் என்மேல் பரிதாபம் வந்துவிட்டது. போன வருஷம் ஒரு விடுமுறை நாளில் மூவரும் கிளம்பி வேளாங்கண்ணி போனோம். மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். வருகிற வழியில் நாகூரில் இறங்கி ஜன்னத் எனக்காக துஆ கேட்டாள். செம்மொழி தன் ஊர்க் காளியம்மனுக்குப் பொங்கல் வைப்பதாக நேர்ந்துகொண்டாள். ஒரே காரியத்துக்கு மூன்று இடத்தில் மனு. தள்ளிப்போகுமா? ரயிலைத் திட்டுவதும் அந்த ரயிலில் கிடைத்த சந்தோஷங்களில் ஒன்று என்பது திட்டிக்கொண்டிருந்த எனக்கே தெரியவில்லை, அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அன்று சாயங்காலம் விஷயத்தைச் சொன்னதும் ஜன்னத் பெட்டியே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள்.

"அல்ஹம்துலில்லாஹ்! நான் சொன்னேன்ல விஜி? நாகூர்ல கேட்டா நடக்கும்னு சொன்னேன்ல?"

செம்மொழி அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. "ரொம்ப சந்தோசம்க்கா" என்றாள். அப்புறம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வெளியே பார்க்க ஒன்றும் இல்லை. கோடை உழவு போட்ட வயல்கள், மண்கட்டி மண்கட்டியாக.

எனக்கு அழுகை வந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று ஜன்னத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

குத்தாலம் ஸ்டேஷனில் வழக்கம்போல் என் வீட்டுக்காரர் தியாகராசன் தன் டிவிஎஸ் எக்ஸெல்லோடு நின்றார். கொஞ்சம் சொந்த நிலமும் கொஞ்சம் குத்தகை நிலமும் வைத்துப் பயிர் செய்கிறவர். காலையில் ஸ்டேஷனில் விடுவதும் சாயங்காலம் கூட்டிப்போவதும் அவர் வேலை. எங்கள் ஊர் ஸ்டேஷனிலிருந்து உள்ளே தள்ளி, வாய்க்கால் கரையோடு போக வேண்டும். வீட்டில் அவர் வாய் திறக்கமாட்டார். திறந்தாலும் பிரயோஜனமில்லை. அவர் அண்ணன் குடும்பமும் நாங்களும் ஒரே வீட்டில் இருக்கிறோம். என் ஓரகத்தி மங்களாம்பிகை அக்காவுக்குக் காது பாம்புக் காது. எங்கள் வீட்டில் இரண்டு பேர் பேசினால் அது நாலு பேர் பேச்சாகிவிடும். அதனால் அவர் பேச்செல்லாம் வண்டியில்தான். எந்த மோட்டார் காயில் போனது, எந்த வரப்பை யார் வெட்டினார்கள், அறுவடை மெஷின்காரன் என்ன சொன்னான், எல்லாவற்றையும் முன்னால் பார்த்தபடியே சொல்லுவார். பின்னால் உட்கார்ந்து நான் அதற்கெல்லாம் அவரைத் திட்டுவேன்.

மாறுதல் என்று சொன்னதும் வாய்க்கால் மதகில் வண்டியை நிறுத்தினார்.

"நெசமாவா சொல்ற?"

"ஆமாங்க. வர்ற வாரமே சேரணும்."

அவர் மறுபடி வண்டியைக் கிளப்பினார். மறுநாள் நான் ரயிலுக்குக் கிளம்பி வந்து பார்த்தால் ஆளைக் காணோம், அவர் அண்ணன்தான் கொண்டுவிட்டார். சாயங்காலம் ஸ்டேஷன் வாசலில் சந்தனம் பூசின மொட்டைத் தலையோடு யாரோ நிற்கிறார், என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். வைத்தீஸ்வரன் கோயிலுக்கு வேண்டிக்கொண்டிருந்தாராம். என்னிடம் சொல்லவே இல்லை. மனு போட்டது மூன்று இடம் என்று நினைத்தேன், நாலு இடம்.

எனக்கு மாறுதல் வேண்டாம் என்று சொல்ல அந்த ஒரு நாள் முழுக்க மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். பளபளவென்று நிற்கிற அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டு எந்த வாயால் சொல்வது? எனக்காக ஒரு மனுஷன் தலைமுடியைக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறார். வாயை மூடிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தேன். புது அலுவலகம் போய்வர அந்த வாரமே எனக்கு ஒரு ஸ்கூட்டியும் வாங்கிக் கொடுத்துவிட்டார்.

கடைசி நாள் ரயிலில் ஜன்னத் இனிப்புக்கு வட்டலாப்பம் செய்து கொண்டுவந்தாள். செம்மொழி வழக்கத்தைவிடப் பெரிய டப்பா நிறையக் கருவாட்டுக் குழம்பு. பக்கத்துப் பெட்டியிலிருந்துகூடத் தெரிந்தவர்கள் வந்து வாழ்த்தினார்கள். தஞ்சாவூரில் இறங்கும்போது செம்மொழி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே யாருக்குக்கா எடம் புடிக்கிறது?" என்றாள். நான் அவள் முதுகில் ஒன்று போட்டேன். வேறென்ன செய்வது?

குத்தாலத்தில் முதல் வாரம் சொர்க்கம். இரண்டாவது வாரமும் சொர்க்கம் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். விடிந்த பிறகு எழுந்தேன். மத்தியானம் வீட்டுக்கு வந்து சுடச்சுடச் சாப்பிட்டேன். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டில் இருந்தேன். "குடுத்து வச்சவடி நீ" என்று மங்களாம்பிகை அக்கா ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது சொன்னார். உண்மைதான், குறை சொல்ல ஒன்றுமே இல்லை. அதுதான் கஷ்டம். ஒரு குறை இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

அலுவலகத்துக்கும் அடுப்பங்கரைக்கும் நடுவில் ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. ஃபைலை மூடிய கை நேராக அரிசி களைந்தது. காய் நறுக்க உட்கார்ந்தால் எதிரில் மங்களாம்பிகை அக்கா வந்து உட்கார்ந்து, "அவரைக்காய இவ்ளோ பொடிசாவா நறுக்குவாங்க?" என்பார். நல்ல மனுஷிதான், ஆனால் அவரைத் திட்டினால் கேட்க ஆளில்லாமல் அவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பது பெரிய தண்டனை. பால்காரனோடு சண்டை போட்டேன். அலுவலகத்தில் ஃபேன் சத்தம் போடுகிறது என்று சண்டை போட்டேன். வானதி ஃபோன் செய்து, "அம்மா, உனக்கு பிபி செக் பண்ணினியா?" என்று கேட்டாள்.

ஒரு நாள் செம்மொழி வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினாள். என் இடத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு இட்லி. பெயர் தமிழ்நிலா. குத்தாலம் அலுவலகத்தில் இருந்தவள், பதவி உயர்வு வந்து, தஞ்சாவூரில் நான் விட்ட இடத்துக்குப் போனாள். இப்போது ரயிலிலும் என் இடத்துக்கு வந்துவிட்டாள். வீட்டில் பால்குடி மறக்காத குழந்தை, பாவம் தினமும் அழுதுகொண்டே வருகிறாள், நாங்கள்தான் தேற்றுகிறோம் என்று செம்மொழி எழுதியிருந்தாள். நான் பரிதாபப்பட்டிருக்க வேண்டும். எனக்குப் பொறாமைதான் வந்தது. அப்பட்டமான பொறாமை. அந்தப் படத்தைப் பெரிதாக்கி, அவள் இட்லிக்குத் தொட்டுக்கொண்டது கருவாட்டுக் குழம்பா என்று பார்த்தேன்.

வாய்க்காலில் தண்ணீர் வந்தது. குறுவைக்கு விதை வாங்க அலுவலகத்தில் ஒரே கூட்டம். ஒரு நாள் எங்கள் ஊர்ப் புகழேந்தி வந்து என் மேசைக்கு முன்னால் நின்றான்.

"அண்ணி, நல்ல வெதையா பாத்துக் குடுங்க. அண்ணன் பெத்த புள்ள மாதிரி வச்சிருந்த வயலு. கெட்ட பேரு வந்துடக் கூடாது."

"எந்த அண்ணன்?"

"என்ன அண்ணி, நம்ம அண்ணன்தான். வாய்க்காமேட்டுக் குத்தகை வயல விட்டுட்டாருல்ல? இந்த வருசம் நான்தான் எடுத்துருக்கேன். முட்டி வலிய வச்சிக்கிட்டு அவரும் எவ்ளோ நாளைக்குச் சேத்துல எறங்குவாரு?"

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. முட்டி வலியா, யாருக்கு என்று கேட்க வாய் வந்தது. மானம் விடவில்லை. "ஆமாமா, பாவம்" என்று சொல்லிவிட்டு, அவனுக்கு வேண்டிய ரகத்தை விட்டுவிட்டு வேறு ரகத்தை எழுதினேன். அவன் சொல்லித்தான் அடித்துத் திருத்தினேன். எங்களுக்குக் கல்யாணமான வருஷம் குத்தகைக்கு எடுத்த வயல் அது. அதை விட்ட சேதி ஊருக்கெல்லாம் தெரிந்து கடைசியில் கவுன்ட்டர் வழியாக என்னிடம் வருகிறது. அன்று மத்தியானம் நான் சாப்பிட வீட்டுக்குப் போகவில்லை.

சாயங்காலம் அவரைக் கொல்லைக்கு வரச் சொன்னேன். மங்களாம்பிகை அக்காவுக்குக் கேட்கக்கூடாது என்று தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டேன். அது போட்ட சத்தத்தில் நாங்களே கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"வயல விட்டுட்டீங்களாமே?"

"ஆமா."

"முட்டி வலியாமே?"

"ஆமா. கொஞ்ச நாளா இருக்கு. படியேறினாத்தான் தெரியுது."

"ஊர்க்காரன் ஆபீசுக்கு வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலயா உங்களுக்கு?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கோபம் இல்லை. பதில் தெரியாத கேள்வியைக் கேட்டவர்களைப் பார்ப்பது போல் பார்த்தார்.

"எப்ப சொல்றது?" என்றார். "நீ பாட்டுக்கு ஸ்கூட்டிய எடுத்துக்கிட்டுப் போயிடுற. நான் எல்லாத்தயும் வண்டியிலதான சொல்லுவேன்? இப்ப பின்னாடி ஆளே இல்லயே."

மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. தொட்டி நிரம்பித் தண்ணீர் வழிந்து என் காலை நனைத்தது. எனக்குக் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. இந்த மனுஷன் இவ்வளவு நாளாக வயலையும் முட்டியையும் சுமந்துகொண்டு வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். நான் என் ரயிலை மட்டும் நினைத்து ஏங்கிக்கொண்டிருந்தேன். எனக்கு அவர் மேல் அப்படி ஒரு பிரியம் வந்தது. வாய்விட்டுச் சொல்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை.

"எனக்கும் ஒண்ணு சொல்லணுங்க. எனக்கு இந்த மாறுதல் புடிக்கல. சேர்ந்த நாள்லேருந்தே புடிக்கல. தஞ்சாவூருக்கே போயிடுறேனே."

அவர் கை தானாகத் தலைக்குப் போனது. முள்முள்ளாக முடி வளர்ந்திருந்தது.

"இத மொட்டை போடறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். கொல்லைக் கதவு வழியாக மங்களாம்பிகை அக்கா எட்டிப் பார்த்து, இரண்டு பேருக்கும் என்ன ஆயிற்று என்று தெரியாமல் மோட்டாரை அணைத்துவிட்டுப் போனார்.

வழி கண்ணெதிரிலேயே இருந்தது. தமிழ்நிலா குத்தாலத்துக்கு வரத் துடிக்கிறாள், நான் தஞ்சாவூருக்குப் போகத் துடிக்கிறேன். இப்போது இரண்டு பேரும் ஒரே பதவி. சம்மதித்து இடம் மாற்றிக்கொள்ள எங்கள் துறையில் வழி உண்டு. நான் ஃபோன் செய்து கேட்டதும் அந்தப் பெண், "மேடம், வெளையாடாதீங்க மேடம்" என்று சொல்லி அழுதே விட்டாள். அன்றைக்கே மனு கொடுத்துவிட்டாள். மயிலாடுதுறையில் இருக்கிற என் அதிகாரி பரிந்துரை செய்தால் போதும்.

அந்த அம்மாள் கறாரானவர். கூட வந்த என் வீட்டுக்காரரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். மனுவை இரண்டு தடவை படித்தார்.

"பக்கத்துல போடுங்கன்னுதான் எல்லாரும் எங்கிட்ட வந்து அழுவாங்க. நீங்க பக்கத்துலேருந்து தூரமா கேக்குறீங்க. சேந்தே கொஞ்ச நாள்தான் ஆகுது. ‘சொந்தக் காரணம்’னு மொட்டையா எழுதியிருக்கீங்க. ஆபீசுல யாரும் தொந்தரவு பண்றாங்களா?"

"இல்ல மேடம்."

"வீட்டுல எதுவும் பிரச்சனையா? தயங்காம சொல்லுங்க."

"அய்யோ, இல்ல மேடம்."

"அப்புறம் என்ன? காரணம் தெரியாம நான் எப்படிப் பரிந்துரை பண்றது?"

வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டால் அடுத்த வருஷம்தான். வருகிற வழியில் நாலைந்து காரணம் தயார் செய்து வைத்திருந்தேன். எல்லாம் நல்ல பொய்கள். ஒன்றும் வாயில் வரவில்லை.

"அங்க நான் நல்லா இருந்தேன் மேடம்" என்றேன்.

"நல்லா இருந்தீங்கன்னா?"

என்ன சொல்வது? ஒரு ஜன்னல் பக்கத்தையும் ஒரு டப்பா குழம்பையும் மடியில் விரித்த பேப்பரையும் ஓர் அதிகாரியின் மேசைமேல் எப்படி எடுத்து வைப்பது? நான் பேசாமல் நிற்கவும் அவருக்குச் சந்தேகம் வலுத்துவிட்டது.

"உங்க வீட்டுக்காரர் வந்திருக்காரா? உள்ள கூப்பிடுங்க."

அவர் வந்தார். அதிகாரிகள் முன்னால் பேசத் தெரியாதவர். நெல் போடப் போகிற கொள்முதல் நிலையத்தில்கூட இரண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை, முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உங்க மனைவி எதுக்குத் திரும்ப அவ்ளோ தூரம் போகணும்ங்கறாங்க? உங்களுக்குச் சம்மதமா? காரணம் என்ன, நீங்களாவது சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் அந்த அம்மாளைப் பார்த்தார்.

"மேடம், தஞ்சாவூருக்குப் போறப்ப தெனம் காலையில ஸ்டேசன் வரைக்கும் இவ எங்கூட வண்டியில வருவா. சாயங்காலம் எறங்கி மறுபடி எங்கூட வீட்டுக்கு வருவா."

அந்த அம்மாள் மீதியைச் சொல்லட்டும் என்று காத்திருந்தார்.

"சரி. அப்புறம்?"

"அவ்ளோதான் மேடம்."

கல்யாணத்தன்றுகூட என்னைப் பற்றி அவர் யாரிடமும் இவ்வளவு சொன்னதில்லை. எனக்குக் கண் கரித்தது, நான் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டேன். அந்த அம்மாள் என் மனுவைத் தன் பக்கம் இழுத்து, நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, ‘குடும்ப நலன் கருதி’ என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.